குருவம்மாள் கேட்டு வாங்கிய வரி

வரிக்குப் பயந்து ஒளிந்தவர்களை என் வேலைக் காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். பில் கலெக்டர் தெருவுக்குள் நுழைந்தால் அதுவரை நன்றாக இருந்த ஆண்களுக்கெல்லாம் காய்ச்சல் வந்துவிடும். என்னிடம் மாத்திரை கேட்டு ஆள் அனுப்புவார்கள். ஆனால் எனக்கு வரி போடுங்கள் என்று பஞ்சாயத்து அலுவலக வாசலில் வந்து உட்கார்ந்தவள் ஒருத்திதான். அவள் பெயர் குருவம்மாள். ஊர் முள்ளிக்கரிசல். சாத்தூரிலிருந்து ஏழாயிரம்பண்ணை போகிற வழியில் இறங்கி, கரிசல் காட்டில் இரண்டு மைல் நடக்க வேண்டும்.

மதுரையில் பிரசவப் பயிற்சி முடித்து, 1957இல் நான் அந்த ஊருக்குப் போனேன். எனக்கென்று கட்டடம் எதுவும் கட்டவில்லை. பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு அறையைப் பலகை வைத்து மறைத்து, இந்தப் பக்கம் பிள்ளைப்பேறு நிலையம், அந்தப் பக்கம் ஊராட்சி என்று ஆக்கிவிட்டார்கள். இங்கே பெண்கள் கத்துவது அவர்களுக்குக் கேட்கும். அங்கே உறுப்பினர்கள் கத்துவது எனக்குக் கேட்கும். ஆகையால் இதில் நான் எழுதுவது பெரும்பாலும் காதால் கேட்டது. மிச்சம் கண்ணால் பார்த்தது.

குருவம்மாளுக்கு அப்போது முப்பது வயசுக்கு மேல் இருக்கும். நாரணாபுரம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிக்குச் சரம் பின்னுவாள். சீசனில் வீட்டுக்கே திரி வந்துவிடும். அவளுடைய மூன்றாவது பிரசவத்தை நான்தான் பார்த்தேன். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சரம் பின்னிக்கொண்டிருக்கிறாள். திட்டினேன். “கைதான நர்சம்மா வேல செய்யுது, நான் சும்மாத்தான இருக்கேன்” என்றாள். வெடிமருந்துத் திரியை வீட்டை விட்டு அப்புறப்படுத்திய பிறகுதான் நான் நகர்ந்தேன். அவள் கணவன் நாகையா அதே கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். அவனைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அவனும் அதிகம் பேசமாட்டான்.

அவர்கள் இருந்தது களத்துத் தெரு. ஏழே வீடு. மண்சுவர், பனையோலைக் கூரை. பக்கத்தில் பெத்தணனுடைய நெற்களம். பெத்தணன் ஊரில் பெரிய சம்சாரி, நிலபுலன்காரர். அவருடைய அப்பா காலத்தில் இந்த ஏழு குடும்பமும் அவர்கள் நிலத்தில் வேலை செய்தது. கூப்பிட்ட குரலுக்கு வர வேண்டும் என்பதற்காகக் களத்தை ஒட்டிக் குடிசை போட்டுக்கொள்ளச் சொன்னார் அப்பா. பிறகு மழை பொய்த்தது, பட்டாசு வந்தது, ஏழு குடும்பமும் கம்பெனிக்குப் போய்விட்டது. குடிசை மட்டும் அங்கேயே இருந்தது. அந்த மண் சர்க்கார் கணக்கில் நத்தம்; யார் குடியிருக்கிறார்களோ அவர்களுக்குப் பாத்தியம். இது அந்த ஊரில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் கர்ணம். இன்னொருவர் பெத்தணன்.

பழைய நாளில் ஏழு குடிசைக்கும் சேர்த்து வீட்டு வரியைப் பெத்தணனின் அப்பாவே கட்டிவிடுவார். அறுப்பு நேரத்தில் கூலி நெல்லில் பிடித்துக்கொள்வார். வரிக்கு மேலே கொஞ்சம் பிடிப்பார் என்பது வேறு விஷயம். ரசீது அவர் பெயரில் இருக்கும். கட்டியது இவர்கள், ரசீது அவருக்கு.

புதுப் பஞ்சாயத்துச் சட்டம் வந்த பிறகு ஒவ்வொரு வீட்டையும் தனியாக எழுத வேண்டும் என்று ஆனது. பில் கலெக்டர் லட்சுமிகாந்தம் ஒரு தகரத்தில் தாரும் பிரஷ்ஷுமாகக் களத்துத் தெருவுக்கு வந்தார். நாகையா லோடுக்குப் போயிருந்தான்.

“வீட்டுக்காரர் பேரு என்ன?”

“நாந்தான் இருக்கேன்ல. குருவம்மான்னு எழுதுங்க.”

எழுதினார். வாசல் பக்கத்துச் சுவரில் 112 என்று தாரால் நம்பர் போட்டார். அதிலிருந்து அவள் சுவருக்கு மண் பூசும்போதெல்லாம் அந்த நம்பரைச் சுற்றிப் பூசினாள். நாலு வருடத்தில் சுவர் முன்னே வந்துவிட்டது, நம்பர் குழிக்குள் இருந்தது. புதுக் கணக்கு நடப்புக்கு வந்து முதல் ரசீது எழுதுவார்கள் என்று காத்திருந்தாள். அதற்குள் தேர்தல் வந்து சோலைச்சாமி தலைவரானார்.

சோலைச்சாமி பெத்தணனுக்குச் சித்தப்பா மகன். நிலம் இருந்தது, ஆனால் நிலத்தில் அவருக்கு மனசில்லை. மதுரைக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு, பட்டத்துக்குப் பதில் ஒரு டிரங்குப் பெட்டி நிறையத் துண்டுப் பிரசுரம் கொண்டுவந்தார். ஐயர் இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டார். களத்துத் தெருக்காரர்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். 1950களில் அது சின்னக் காரியம் இல்லை. எந்தக் கட்சி என்று நான் எழுதப் போவதில்லை. அந்தக் காலத்தில் எல்லாக் கட்சியிலும் அவரைப் போல ஒருவர் இருந்தார். மனுஷன் நல்லவர். ஒரே குறை, எது நல்லது என்பதை யாரையும் கேட்காமலே கண்டுபிடித்துவிடுவார்.

தலைவரானதும் முதலில் கையை வைத்தது வீட்டு வரியில். அதுவரை எல்லா வீட்டுக்கும் ஒரே ஒரு ரூபாய்தான். பலகைக்கு இந்தப் பக்கம் ஒரு பெண்ணுக்கு வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டே அந்தக் கூட்டத்தை முழுக்கக் கேட்டேன்.

“மாடி கட்டுனவனுக்கும் ஒத்த ரூவா, மழ ஒழுகுற குடிசைக்கும் ஒத்த ரூவா. இது வரியா, இல்ல அபராதமா?” என்றார் சோலைச்சாமி. “சொத்துக்குத்தான் வரி. குடிசை சொத்தா? அது மழைக்கு ஒதுங்குற எடம். ஒதுங்குறவன்ட்ட வரி கேக்குறது பாவம். இருக்குறவன் கட்டட்டும், அந்தப் பணத்துல இல்லாதவன் தெருவுக்கு வெளக்குப் போடுவோம்.”

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. தொந்தரவே அங்கேதான் ஆரம்பித்தது.

தீர்மானம் நிறைவேறியது. மாடி வீட்டுக்கு எட்டு ரூபாய், ஓட்டு வீட்டுக்கு ஐந்து, ஓலைக் கூரைக்கு ஒன்றும் கிடையாது; கணக்கிலேயே எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டின் மேலும் ஏறிப் பார்க்க ஆளில்லாததால் சோலைச்சாமி தன் கையாலேயே இரண்டு விதி சேர்த்தார். வீட்டின் முகப்புக் கூரை எதுவோ அதுவே வகை. ஆடி முதல் தேதியில் இருந்த கூரையே கணக்கு. அதற்குப் பிறகு மாற்றினால் செல்லாது. இதோடு ஊரில் யாரும் ஏமாற்ற முடியாது என்று நம்பினார்.

களத்துத் தெருக்காரர்கள் அவருக்குக் கதம்ப மாலை போட்டார்கள். குருவம்மாளும் போட்டாள். அப்போது அவளுக்கும் விவரம் தெரியாது. லட்சுமிகாந்தம் பேரேட்டில் 108 முதல் 114 வரை சிவப்பு மையால் கோடு போட்டார்.

பத்து நாள் கழித்துப் பெத்தணன் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். சிவகாசித் தீப்பெட்டிக் கம்பெனி ஒன்றுக்குக் குச்சி காயப்போட இடம் வேண்டுமாம். களத்தோடு குடிசை இருக்கிற மண்ணையும் சேர்த்துக் கொடுக்கிறாராம். தீபாவளி சீசன் முடிந்ததும் ஏழு பேரும் காலி செய்துவிட வேண்டும். மண் தன்னுடையது என்பதற்கு அப்பா கட்டிய இருபது வருட வரி ரசீது அவரிடம் இருக்கிறது.

மற்ற ஆறு வீட்டிலும் அழுதார்கள். குருவம்மாள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுச் சாத்தூர் தாலுகா ஆபீசுக்குப் போனாள். திரும்பி வந்து நேராக என்னிடம்தான் வந்தாள். காலில் கல் குத்தியிருந்தது. கட்டுப் போட்டுக்கொண்டே கேட்டேன், என்ன சொன்னார்கள் என்று.

“அங்கன ஒரு குமாஸ்தா இருந்தாரு நர்சம்மா. மண்ணு நத்தந்தான், குடியிருக்கவுகளுக்குத்தான்னு அவரே சொல்றாரு. சரி, நான் குடியிருக்கேன்ங்கேன். ரசீது இருக்காங்காரு. வரியத் தள்ளிட்டாகங்கேன். அப்பக் கணக்குப்படி அங்கன வீடே இல்லியே, இல்லாத வீட்டவிட்டு ஒன்ன யாரு தொரத்த முடியும்னு கேட்டுட்டுச் சிரிக்காரு.”

“நீ என்ன சொன்னே?”

“நானும் சிரிச்சேன். பெறகு நடந்து வந்தேன்.”

இந்த வருடத்து ரசீது, அவள் பெயரில், ஒரே ஒரு தாள். அதைக் கொண்டுவந்தால் விசாரணைக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டரை அனுப்புகிறேன் என்று அந்தக் குமாஸ்தா சொல்லியிருந்தார். சிரித்தாலும் மனுஷன் வழியைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

மறுநாள் காலை குருவம்மாள் பலகைக்கு அந்தப் பக்கம் போனாள்.

“சாமி, எனக்கு வரி போடுங்க.”

“சாமின்னு கூப்பிடாதேன்னு எத்தன தடவ சொல்றது?”

“ஒங்க பேருலயே இருக்கே, நான் என்ன செய்ய? சரி, தலைவரே. வரி போடுங்க.”

சோலைச்சாமி சிரித்தார். பிறகு அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்துகொண்டார். அவள் தாலுகா ஆபீசில் நடந்ததைச் சொன்னாள். அவர் முகம் வாடியது எனக்குப் பலகை இடுக்கில் தெரிந்தது.

“குருவம்மா, ஒன் நெலமை புரியுது. ஆனா ஏழைக்கு வரி இல்லேங்குறது கொள்கை. ஒனக்கு ஒருத்திக்குப் போட்டா, நாளைக்கு எல்லாக் குடிசைக்கும் போடச் சொல்லுவான். மார்கழியில விருதுநகர்ல மாநாடு. வரியில்லாத குடிசை உள்ள முதல் ஊர்னு நம்ம ஊரப் பத்திப் பேசச் சொல்லியிருக்காக. இப்பப் போய் நான் எப்படி…”

“மாநாட்டுல எங்க தெருவப் பத்திப் பேசுவீகளா?”

“அதப் பத்தித்தான் பேசப் போறேன்.”

“மார்கழியில தெரு இருக்காதே.”

சோலைச்சாமி, பெத்தணனிடம் அண்ணன் என்கிற முறையில் பேசிப் பார்க்கிறேன் என்றார். பேசவும் செய்தார். பெத்தணன், “தம்பி, ஊருக்கு நீ தலைவர். என் களத்துக்கு நான் தலைவர்” என்று மோர் கொடுத்து அனுப்பினார்.

“ஒன்னச் சொரண்டக் கூடாதுன்னுதான் நான் இம்புட்டும் செஞ்சது” என்று கடைசியில் குருவம்மாளிடம் சொன்னாராம். “ஒரு ரூவாதான, சொரண்டிட்டுப் போங்க, தாளக் குடுங்க” என்று சொல்லிவிட்டு அலுவலக வாசலில் உட்கார்ந்தாள். மூன்று நாள் உட்கார்ந்தாள். அங்கே உட்கார்ந்தே சரம் பின்னினாள். அலுவலக வாசலில் திரி வைக்கக் கூடாது என்று நான்தான் அவளை எழுப்பி அனுப்பினேன். மற்றவர்கள் சொல்லப் பயந்தார்கள். கொள்கை ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

நகர்ந்தது வேறு இடத்தில்.

புரட்டாசியில் வீடுகளைப் பார்த்து வகை பிரிக்கும் நாள் குறித்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால் நான் பெத்தணன் வீட்டுக்குப் போனேன். அவருடைய மருமகள் சுப்புலட்சுமிக்குத் தலைப்பிரசவம், ஐப்பசியில் நாள். உள்ளே அவளுக்குக் கால் வீக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே மேலிருந்து சடசடவென்று சத்தம். எட்டிப் பார்த்தால் முன் தாழ்வாரத்து ஓடுகளையெல்லாம் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல சீமை ஓடு. ஒவ்வொன்றின் முதுகிலும் மீன் முத்திரை. பெத்தணன் வீட்டுக்கும் சோலைச்சாமி வீட்டுக்கும் ஒரே லோடில் வந்த ஓடு என்று சுப்புலட்சுமி பெருமையாகச் சொன்னாள். ஓட்டுக்குப் பதிலாக ஓலை வேயப் போகிறார்களாம்.

“எதுக்கும்மா?”

“அஞ்சு ரூவா மிச்சம்னு மாமா சொல்றாக.”

ஐந்து ரூபாய்க்காக மாமா கூரையையே மாற்றுகிறார். பணம் இல்லாதவன் இப்படிச் செய்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். நமக்கென்ன, என் வேலை கால் வீக்கம்.

பெத்தணனுக்கு ஒரு சிக்கல் இருந்தது. புது ஓலை வேய்ந்தால் வெளுப்பாகத் தெரியும். ஆடிக்குப் பிறகு மாற்றியது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். நாலைந்து வருடம் வெயிலும் புகையும் பட்டுக் கறுத்த ஓலை வேண்டும். அது எங்கே கிடைக்கும்? நான் வெளியே வரும்போது குருவம்மாள் முற்றத்தில் நின்றாள். ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருக்கிறார்.

“ஏ, குருவம்மா. எப்படியும் சீசன் முடிஞ்சு காலி பண்ணப் போறீக. ஒன் வீட்டு முன்கூரையப் பிரிச்சு எனக்குக் குடுத்துரு.”

“மழ வருதுங்க மொதலாளி. பச்சப் புள்ள இருக்கு. தலைக்கு மேல நான் என்னத்தப் போட?”

“இந்த ஓடு சும்மாதான் கெடக்கு. ரெண்டு மாசத்துக்குப் போட்டுக்க. காலி பண்ணும்போது எண்ணிக் குடுத்துரு.”

இறக்கிய ஓட்டை முற்றத்தில் அடுக்கி வைத்தால் லட்சுமிகாந்தம் கண்ணில் படும். குடிசைக் கூரைமேல் ஏற்றிவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்? குடிசைப் பக்கம்தான் இனி வரிக்காரர் போகவே வேண்டியதில்லையே. இதைப் பெத்தணன் சொல்லவில்லை. அவர் முகம் சொல்லியது.

குருவம்மாள் உடனே சரி என்று சொல்லவில்லை. ஓலை அவள் அப்பன் வேய்ந்தது என்றாள். ஓடு கனம், மண்சுவர் தாங்காது என்றாள். ஓட்டு வீட்டில் இருந்து பழக்கமில்லை, பிள்ளைக்குச் சூடு ஏறிவிடும் என்றாள். விருதுநகர்ச் சந்தையில் மிளகாய் வத்தல் வாங்க வந்தவள், பிடித்த மூட்டையைப் பார்த்து மூஞ்சியைச் சுளிப்பாளே, அப்படி. கடைசியில் பெத்தணன் தன் வண்டியிலேயே ஓட்டை அனுப்பி, தன் கொத்தனாரை விட்டே குறுக்குச் சட்டம் அடித்து வேய்ந்து கொடுப்பதாக ஒப்புக்கொண்டார்.

தெருவில் வரும்போது கேட்டேன். “அவர் வீட்டு ஓலையைப் பார்க்கிற அன்றைக்கு உன் வீட்டு ஓடும் கணக்கில் ஏறுமே?”

“அப்படியா நர்சம்மா?” என்றாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

பெத்தணன் செய்ததை மற்ற சம்சாரிகள் பார்த்தார்கள். பெத்தணனே புத்திசாலி என்று ஊருக்குத் தெரியும். அவர்களுக்கும் கறுத்த ஓலை வேண்டியிருந்தது, இறக்கிய ஓட்டை ஒளிக்க இடமும் வேண்டியிருந்தது. குருவம்மாள் வீடு வீடாகப் போய் என்ன சொன்னாளோ, களத்துத் தெருவின் மற்ற ஆறு வீட்டிலும் அந்த வாரம் ஓலை இறங்கியது, ஓடு ஏறியது. எல்லாம் சம்சாரிகள் வண்டியில், சம்சாரிகள் செலவில்.

குறித்த நாளில் லட்சுமிகாந்தம் டேப்பும் பேரேடுமாகப் புறப்பட்டார். தலைவரும் கூட வந்தார். நான் பின்னால் போனேன். அந்தப் பக்கம் இரண்டு வீட்டில் எனக்குப் பிள்ளைக்கு எடை பார்க்க வேண்டியிருந்தது. முதலில் சம்சாரிகள் தெரு. ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் கறுத்த ஓலை தொங்கியது. பெத்தணன் கூரைக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“வாங்க தம்பி. குடிசைக்கு வந்திருக்கீக. மோர் குடிக்கீகளா?”

சோலைச்சாமி ஓலையைப் பார்த்தார். “அண்ணே, இது எப்ப வேய்ஞ்சது?”

“பாத்தாத் தெரியலையா? எத்தன மழை கண்ட ஓலை.”

பொய்யில்லை. ஓலை அத்தனை மழை கண்டதுதான். லட்சுமிகாந்தம் தலையைச் சொறிந்துகொண்டு, கணக்கில் எழுத வேண்டியதில்லை என்று எழுதிக்கொண்டார். அப்படி ஏழு வீடு. அவருக்கு முகம் செத்துவிட்டது. வசூல் இருந்தால்தான் பஞ்சாயத்தில் அவருக்குச் சம்பளம். வசூலுக்குச் சமமாகச் சர்க்காரும் மானியம் கொடுக்கும். இனி வசூல், கோயிலும் பள்ளிக்கூடமும் தவிர, ஓலை இல்லாமல் மிச்சமிருக்கிற நாலு வீட்டில்தான். அதில் ஒன்று தலைவர் வீடு.

“அய்யா, இந்த ஊர்ல பணக்காரன் நீங்க ஒருத்தர்தான்” என்றார் லட்சுமிகாந்தம்.

திரும்பும்போது களத்துத் தெரு வழியாக வந்தோம். குருவம்மாள் வாசலில் நின்றாள். குழிக்குள் இருந்த 112ஐச் சுற்றிச் சுண்ணாம்பு அடித்துத் தாரை எடுப்பாகத் தெரியவைத்திருந்தாள்.

“பில் கலெக்டரய்யா, எங்க வீட்ட எழுதலையா? ஓட்டு வீடு.”

ஏழு வீட்டு முகப்பிலும் சீமை ஓடு. லட்சுமிகாந்தம் ஒரு நொடி நின்றார். இரண்டு தெருவையும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. பேரேட்டைப் பிரித்தார்.

சோலைச்சாமி கிட்டே போய்த் தாழ்ந்த கூரையில் ஒரு ஓட்டைத் தொட்டுப் பார்த்தார். விளிம்பைத் தூக்கினார். மீன் முத்திரை. தன் வீட்டில் அண்ணாந்து பார்க்கிற மீன்.

“குருவம்மா, இது யாரு ஓடு?”

“எங்க வீட்டு மேல இருக்கு தலைவரே.”

“எப்ப வேய்ஞ்சது?”

“பாத்தாத் தெரியலையா? எத்தன மழை கண்ட ஓடு.”

பெத்தணன் பின்னாலேயே வந்து நின்றிருந்தார். சோலைச்சாமி அவரைப் பார்த்தார். “அண்ணே, இந்த ஓட்டப் பத்தி நீங்க ஏதாச்சும் சொல்லணுமா?”

அது என் ஓடு என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த ஓடு எப்போது இறங்கியது, அதற்குப் பதில் ஏறியது யாருடைய ஓலை என்று அடுத்த வார்த்தை வரும். பெத்தணன் துண்டை உதறித் தோளில் போட்டார். “எனக்கென்ன தெரியும்? குடிசைவாசி நான்” என்றார். தெருவே சிரித்தது. மற்ற ஆறு சம்சாரிகளும் தெரு முனையோடு நின்றுகொண்டார்கள்.

சோலைச்சாமி வெகு நேரம் அந்த மீனைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டையும் செல்லாது என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இருந்தது. சொன்னால் சம்சாரிகள் வரி கட்டுவார்கள், கொள்கை நிமிரும், களத்துத் தெரு போகும்.

“விதிப்படி எழுதும் ஓய்” என்றார் கடைசியில்.

இரக்கத்தால் சொன்னாரா, விதியின் மேல் வைத்த பக்தியால் சொன்னாரா, இல்லை அண்ணனுக்கு ஒரு பாடம் என்று சொன்னாரா, எனக்கு இன்று வரை தெரியாது. லட்சுமிகாந்தம் சிவப்புக் கோட்டுக்கு மேலேயே எழுதினார். நோட்டீஸ் அனுப்புகிறேன், தைக்குள் கட்டினால் போதும் என்றார். குருவம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கம்பெனியில் முன்பணம் வாங்கி வைத்திருந்தாள். ஐந்து ரூபாய் அவளுக்கு ஒரு வாரக் கூலிக்கு மேல். ரசீதை வாங்கி, படிக்கத் தெரியாததால் என்னிடம் நீட்டினாள். “எம் பேரு இருக்கா?” இருந்தது. குருவம்மாள், கதவு எண் 112, ஓட்டு வீடு.

மறு வாரம் அதோடு சாத்தூர் போனாள். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். பெத்தணன், தன் அப்பா பெயரில் இருந்த பழைய ரசீதுகளைக் காட்டினார். அதில் ‘களத்துக் குடிசைகள்’ என்று இருந்தது. இன்ஸ்பெக்டர் ஏழு வீட்டையும் அண்ணாந்து பார்த்துவிட்டு, இங்கே குடிசை எதுவும் இல்லையே என்று கேட்டார். பதில் சொன்னால் ஓட்டுக் கதையும் வெளியே வரும்; பெத்தணன் ரசீதுகளை மடித்துக்கொண்டார், ஏழு வீடும் குடியிருப்பவர்களுக்கே என்று எழுதிக்கொண்டு இன்ஸ்பெக்டர் போனார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. சுப்புலட்சுமிக்கு வலி கண்டு என்னைக் கூப்பிட வந்தார்கள். போனேன். பழைய ஓலையைப் பிரித்து மறுபடி வேய்ந்தால் நொறுங்கும். இதை எந்தக் களத்துத் தெருக்காரனும் சொல்லியிருப்பான், யாரும் கேட்கவில்லை. முன் தாழ்வாரம் முழுக்கச் சட்டியும் அண்டாவுமாக ஏந்தி வைத்திருந்தார்கள். பெத்தணன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். உள்ளறைக்குள்ளும் தண்ணீர் வந்தது. அண்டாவில் ஒன்றை எடுத்துக் கழுவி வெந்நீருக்கு அடுப்பில் ஏற்றச் சொன்னேன். பெண் குழந்தை, ஆறேகால் பவுண்டு. தாயும் பிள்ளையும் சுகம்.

மறுநாளே ஓட்டைத் திருப்பி வாங்க ஆள் போனான்.

“தாராளமா எடுத்துக்கிடச் சொல்லுங்க” என்றாளாம் குருவம்மாள். “ஆனா ஓட்டு வீடுன்னு பஞ்சாயத்துல எழுதி அஞ்சு ரூவா வாங்கியிருக்காக. ஓட்ட எறக்குனா அந்தத் தாள் பொய்யாயிரும். பில் கலெக்டரக் கூட்டிட்டு வந்து, யாரு ஓடுன்னு எழுதிக் குடுத்துட்டு எடுக்கச் சொல்லுங்க.”

ஆள் திரும்பிப் போனான். பெத்தணன் தூத்துக்குடிக்கு ஆர்டர் கொடுத்துப் புது ஓடு வாங்கினார். மறு வருடத்திலிருந்து ஐந்து ரூபாயும் கட்டினார்.

மார்கழி மாநாட்டுக்கு நான் போகவில்லை. லட்சுமிகாந்தம் போய்வந்து சொன்னார். சோலைச்சாமி என்ன பேசுவாரோ என்று அவருக்கு ஒரே நடுக்கம். மேடையில் ஏறிய சோலைச்சாமி பேரேட்டைப் பார்த்தபடியே படித்தாராம். எங்கள் வரிச் சீர்திருத்தம் நடப்புக்கு வந்த ஒரே ஆண்டில், உழைப்பாளிகள் தெருவில் ஏழு குடிசையும் ஓட்டு வீடாக உயர்ந்தது. அதே ஆண்டில் ஏழு நிலக்கிழார்கள் ஓட்டு வீட்டிலிருந்து ஓலைக் கூரைக்கு இறங்கினார்கள். புள்ளிவிவரம் இதோ. பந்தலே எழுந்து கைதட்டியதாம். சால்வை போட்டார்களாம். இறங்கி வந்து லட்சுமிகாந்தத்தின் காதில், “ஒரு பொய்கூடச் சொல்லலையே ஓய்” என்றாராம்.

1967இல் தேர்தல் காற்று வீசியபோது சோலைச்சாமி களத்துத் தெருவுக்கு வந்தார். கட்சி மாறியிருந்தார், கொள்கை மாறவில்லை. குருவம்மாள் வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். நான் அவளுடைய மகளுக்கு அம்மை குத்திய தழும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை ஜெயித்தால் ஓட்டு வீடோ ஓலை வீடோ, கூலி வேலை செய்கிற எவருக்கும் வீட்டு வரியே கிடையாது என்று சட்டம் கொண்டுவரப் பாடுபடுவேன் என்றார். மனசாரத்தான் சொன்னார்.

குருவம்மாள் எழுந்து போய் அரிசிப் பானைக்கு அடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து வந்தாள். அதில் ஆறு ரசீது இருந்தது. அவர் முன்னால் வைத்து மூடியைத் திறந்தாள்.

“நல்லாச் செய்யுங்க தலைவரே. ஊருக்கெல்லாம் தள்ளுங்க. எனக்கு மட்டும் விட்டுருங்க.”

“இன்னுமா பயம்? பெத்தணன் அண்ணன் போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு.”

“அவரு போயிட்டாரு. நீங்க இருக்கீகள்ல” என்றாள்.

சோலைச்சாமி அதைக் கேட்டுச் சிரித்தார். தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தார். போகும்போது வாசலில் குனிந்து, குழிக்குள் இருந்த நம்பரை ஒரு விரலால் துடைத்துவிட்டுப் போனார். தலையை நிமிர்த்தியபோது ஓடு இடித்தது. வீடு தாழ்வு, முகப்பு மட்டும்தான் ஓடு.